பழகிய பாவமும் ஆவியின் நடையும்

மனிதன் புதிதாய்ச் செய்த பாவத்திற்காக அழுவது எளிது. பழகிப்போன பாவத்திற்காக அழுவது அரிது. முதன்முறை விழுந்தவன் வெட்கத்தினால் கண்ணீர் விடுகின்றான். பத்தாம் முறை விழுந்தவனோ தன் கண்ணீரையே நம்பாதவனாகின்றான். "சென்ற முறையும் இப்படித்தானே அழுதாய்?" என்று அவன் நெஞ்சே அவனை வினவுகின்றது. கிறிஸ்தவ ஜீவியத்தில் இதனினும் கசப்பான வினா வேறொன்று இல்லை என்பது எனது துணிபு.

வேதசாஸ்திர பண்டிதர்க்குரிய நுட்பங்களை விரித்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஞானஸ்நானம் பெற்று, திருவிருந்தில் பங்குகொண்டு, வேதத்தை நாடோறும் வாசித்து, அங்ஙனமிருந்தும் ஒரே பாவத்தில் ஓயாது விழுந்தெழும் ஒருவன், தன்னைக் குறித்து யாது நினைத்தல் வேண்டும்? அவன் உள்ளத்தில் பரிசுத்த ஆவியானவர் வாசஞ்செய்கின்றார் என்று நம்பலாமா? நம்பலாமெனின், அவன் இனி நடக்கவேண்டிய வழி எது? இவ்வினாக்களுக்கு என் அற்ப அனுபவம் கற்பித்த விடையை மாணவ நண்பர்கள் முன் வைக்கத் துணிகின்றேன்.

எனது ஊர் மடத்துக்குளம். உடுமலைப்பேட்டையிலிருந்து பழனிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், அமராவதி நதியை அடுத்து அமைந்துள்ளது. நெல்லும் கரும்பும் தென்னையும் எங்கள் பூர்வீகச் செல்வம். 2009-ஆம் ஆண்டில் திருப்பூர் மாவட்டம் உண்டானபோது எங்கள் ஊரும் அதனுட் சேர்ந்தது. ஆயின் அதற்கு நெடுங்காலம் முன்னரே எங்கள் இளைஞரின் கால்கள் திருப்பூர் வழியைக் கண்டுகொண்டிருந்தன. மழை பொய்த்த ஆண்டுகளில் கலப்பையை விட்டவர் பலர் பனியன் கம்பெனிகளிற் புகுந்தனர். அவ்விதம் சென்றவருள் ஒருவர் எங்கள் சபையைச் சேர்ந்தவர். என்னினும் மூத்தவராதலின் அவரை அண்ணன் என்றே அழைப்பது எனது வழக்கம். அவர் இசைந்தமையால் இவ்வரலாற்றை எழுதுகின்றேன். பெயரை எழுதாமல் விடுகின்றேன்.

அண்ணன் பின்னல் இயந்திரம் ஓட்டுபவர். வாரமுழுதும் திருப்பூரில் தங்கி, சனிக்கிழமை மாலை வாரக்கூலியைப் பெற்றுக்கொண்டு ஊர் திரும்புவார். ஞாயிறு முதல் வெள்ளி வரை அவர் ஒரு துளி மதுவைத் தீண்டுவதில்லை. சனிக்கிழமை இரவு மாத்திரம் அவர் வேறொரு மனிதர். கூலியில் பாதி வழியிலே போய்விடும். எஞ்சியதைக் கொண்டு வீட்டில் கலகம் விளையும். மறுநாட் காலை ஆலயத்தின் கடைசி வரிசையில் அவர் தலைகவிழ்ந்து அமர்ந்திருப்பார். பாவ அறிக்கையின் வேளையில் அவரைப்போல் மெய்யாகவே அழுதவர் சபையில் வேறொருவர் இல்லை. அடுத்த சனிக்கிழமை மீண்டும் அதே கதை.

ஒரு நாள் அவர் தமது வேதபுஸ்தகத்தை எடுத்துவந்து, அட்டையை அடுத்த வெற்றுத் தாளை எனக்குக் காட்டினார். அதில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பதினொரு தேதிகள் எழுதப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் அவர் இனிக் குடிப்பதில்லையென்று தேவனுக்குப் பொருத்தனை செய்த நாள். புது வருஷ நள்ளிரவு ஆராதனைகள் நான்கு; உபவாசக் கூட்டங்கள் மூன்று; மகள் பிறந்த நாள் ஒன்று; மற்றவை எந்நாளென அவருக்கே நினைவில்லை. "இதில் எந்தத் தேதி பொய், தம்பி? எழுதின அன்றைக்கு ஒவ்வொன்றும் உண்மைதான்" என்றார்.

அதற்கு நான் கூறிய விடையை நினைக்குந்தோறும் என் நெஞ்சு சுடுகின்றது. "மறுபிறப்படைந்தவன் பழைய பாவத்திற்குத் திரும்பான், நீங்கள் இன்னும் மெய்யாய் மனந்திரும்பவில்லை, அண்ணா" என்றேன். அவர் ஒன்றும் பேசாது புத்தகத்தை மூடிக்கொண்டு எழுந்து போனார். அதன்பின் ஐந்து மாதங்கள் ஆலயத்தின் கடைசி வரிசை வெறுமையாயிருந்தது.

அந்நாட்களில் ஒரு மாலை, அற்பமான காரியமொன்றின் நிமித்தம் நான் என் பிள்ளைகள்மேற் சீறி விழுந்தேன். பெரியவன் தட்டில் இருந்த சோற்றை உண்ணாமல் எழுந்து போனான். இரவு நான் வழக்கம்போல் முழங்காற்படியிட்டு வருந்தினேன். என் மனைவி அதைக் கண்டு, அமைதியாக, "அண்ணன் குடிப்பது வாரத்தில் ஒரு நாள். உங்கள் கோபத்திற்கு அப்படி ஒரு கிழமை ஏது?" என்றாள்.

நான் விடையின்றி நின்றேன். பத்தாண்டுகளுக்கு மேலாக ஒவ்வோர் இரவும் வருந்தி ஒவ்வொரு பகலும் செய்துவந்த பாவம் அது. ஆயின் அதற்கு நாற்றம் இல்லை. வீதியிலே தள்ளாட்டம் இல்லை. சபையார் அதனை அறியார். அண்ணன் தம் பாவத்தைப் பாவமென ஒப்புக்கொண்டு தேதி குறித்து வைத்தார். நான் என்னுடையதைச் "சுபாவம்" என்று பெயரிட்டு வளர்த்தேன். மெய்யாய் மனந்திரும்பாதவர் எவர் என்பது அன்றிரவு எனக்கு வெளியாயிற்று.

இப்படிப்பட்ட பாவம் எவரிடத்தில் இல்லை? நம் கல்லூரி மாணவருள்ளும், நள்ளிரவில் கைப்பேசியின் வெளிச்சத்தில் காணத்தகாதவற்றைக் கண்டு, விடியற்காலத்தில் வெட்கி, அதனைத் துடைத்தழித்து, மூன்றாம் நாள் மீண்டும் தேடுவோர் இலரா? பொய், பொறாமை, புறங்கூறல், பிறர் கைப்பொருளில் ஆசை என்று ஒவ்வொருவர்க்கும் தத்தம் சனிக்கிழமை உண்டு. ஆதலின் இவ்விஷயம் குடியரைப் பற்றியது மாத்திரம் அன்று.

இங்ஙனம் விழுகின்றவனுக்கு நம்மவர் கூறும் விடைகள் பெரும்பாலும் இரண்டு. மெய்க் கிறிஸ்தவன் இப்படி விழவே மாட்டான் என்பது ஒன்று. அதைக் கேட்பவன் நம்பிக்கையை இழக்கின்றான், அல்லது வேஷதாரியாகின்றான். எல்லாரும் விழுகின்றவர்களே, கிருபை பெரிது, கவலையை விடு என்பது மற்றொன்று. அதைக் கேட்பவன் பாவத்தோடு சிநேகம் செய்துகொள்கின்றான். முந்தினது நோயாளியை வைத்தியசாலையினின்று துரத்துவது. பிந்தினது நோயே இல்லையென்று சொல்லி அனுப்புவது. இவ்விரண்டும் பவுல் அப்போஸ்தலனின் விடையன்று.

ரோமருக்கு எழுதின நிருபத்தின் ஏழாம் அதிகாரத்தைக் கவனிப்போம். தான் விரும்பும் நன்மையைச் செய்ய இயலாது, வெறுக்கும் தீமையையே செய்துநிற்கும் ஒருவனின் ஓலம் அதிலே கேட்கின்றது. இம்மனிதன் யார் என்பதைக் குறித்துச் சபையின் ஆசிரியர்கள் நெடுங்காலம் வாதாடியுள்ளனர். அகுஸ்தீன் முற்காலத்தில் இவனை நியாயப்பிரமாணத்தின் கீழிருக்கும் மனிதனென்று கொண்டார். பிற்காலத்தில், மனிதன் தன் சித்தத்தின் வலிமையினாலேயே நீதிமானாகக் கூடுமென்று போதித்த பெலாகியுவின் கூட்டத்தாரோடு வாதாடிய நாட்களில், இது கிறிஸ்துவுக்குள்ளான பவுலின் குரலே என்று கருத்து மாறினார். லூத்தரும் கல்வினும் அப்பிற்காலக் கருத்தைத் தழுவினர். வெஸ்லியோ அதனை மறுத்தார். இவ்வாதத்தைத் தீர்க்க நான் தகுதியுடையேன் அல்லேன். ஆயின் வாசிப்போர் எவரும் காணத்தக்க ஒன்று உண்டு. அவ்வோலம் எழும் பகுதியில் "நான்", "எனக்கு", "என்னில்" என்னும் சொற்களே நெருங்கிக் கிடக்கின்றன. ஆவியானவரின் பெயர் ஒருமுறையேனும் வரவில்லை. எட்டாம் அதிகாரத்திலோ அப்பெயர் ஏறக்குறைய 20 முறை வருகின்றது. தனித்து நிற்கும் "நான்" எத்துணை உத்தமனாயினும் தோற்றே தீருவான் என்பது இதனாற் பெறப்படும். அண்ணனின் பதினொரு தேதிகளும் ஏழாம் அதிகாரத்திற்குரியவை. அவை பொய்யல்ல, தனிமை.

அகுஸ்தீனின் வரலாறே இதற்குத் தக்க சான்று. கி.பி. 354-ல் வட ஆப்பிரிக்காவிலுள்ள தகாஸ்தே என்னும் ஊரிற் பிறந்த அவர், 386-ல் மிலான் நகரத் தோட்டமொன்றில் மனந்திரும்பி, அடுத்த ஆண்டு ஞானஸ்நானம் பெற்றார். சில ஆண்டுகள் கழித்து எழுதிய "அறிக்கைகள்" என்னும் நூலில், கோணிய சித்தம் இச்சையாகி, இச்சை வழக்கமாகி, வழக்கம் தவிர்க்கவொண்ணாத தேவையாகிய விதத்தை ஒரு சங்கிலியாக வருணித்துள்ளார். அவருடைய நண்பர் அலீப்பியு, மனிதரை மனிதர் கொல்லும் கொடிய விளையாட்டை வெறுத்தவர். நண்பர்கள் வலிந்திழுத்துச் சென்ற நாளில் கண்களை இறுக மூடி அமர்ந்திருந்தார். கூட்டம் ஆரவாரித்தபோது, கண்டாலும் கலங்கேன் என்று தம்மை நம்பிக் கண் திறந்தார். அக்கணமே அவ்வெறியில் மூழ்கினார். அகுஸ்தீனின் தாய் மோனிக்காவும் சிறுமியாயிருந்தபோது பீப்பாயிலிருந்து துளித்துளியாய்த் திராட்சரசம் பருகத் தொடங்கி, கிண்ணங்கிண்ணமாய்க் குடிக்கும் பழக்கத்திற்கு ஆளானாள். வேலைக்காரி ஒருத்தி கோபத்தில் அவளைக் குடிகாரி என்று இகழ்ந்த சொல்லே அவளுக்கு மருந்தாயிற்று. என் மனைவியின் சொல்லை நினைக்கும்போதெல்லாம் இவ்வரலாறு என் நினைவிற்கு வருவதுண்டு. தேவன் எவர் வாயினாலும் பேசக்கூடும்.

எனினும் அந்நூலில் என்னை மிகவும் தேற்றியது மிலான் தோட்டம் அன்று, பத்தாம் புத்தகமே. மனந்திரும்பி ஏறக்குறையப் பத்தாண்டுகள் கழிந்து, அத்தியட்சகர் ஆசனத்தில் அமர்ந்த பின்னரும், உணவிலும் கனவிலும் பிறர் புகழ்ச்சியிலும் தமக்குள்ள சோதனைகளை அவர் அங்கே ஒளிக்காது எழுதுகின்றார். தோட்டத்தில் எல்லாம் முடிந்துவிட்டதென்று அவர் சொல்லவில்லை. அங்கே தொடங்கிற்று என்றே சொல்லுகின்றார்.

நம் தமிழ்நாட்டிலும் இதே படிப்பினை காவியமாகப் பாடப்பட்டுள்ளது. பெட்போர்டு சிறையிற் கிடந்த ஜான் பனியன் 1678-ல் வெளியிட்ட யாத்திரிகன் கதையைத் தழுவி, திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இரட்சணிய யாத்திரிகத்தை இயற்றினார். அது 1894-ல் வெளிவந்தது. பனியனின் கதையில் யாத்திரிகனுடைய பாவச்சுமை சிலுவையண்டையில் விழுந்துவிடுகின்றது. ஆயின் அது கதையின் முற்பகுதி. மாயச் சந்தையும் சந்தேகக் கோட்டையும் அதற்குப் பின்னரே வருகின்றன. சுமை நீங்கியவன் கோட்டையில் அகப்படுவானா என்று பனியனை எவரும் கேட்டிலர். நம் சகோதரரை மாத்திரம் நாம் கேட்கின்றோம்.

அதே கதையில், தூசி நிறைந்த அறையொன்றை ஒருவன் பெருக்குகின்றான். தூசி எழும்பி மூச்சை அடைக்கின்றது. பின்பு ஒருத்தி தண்ணீர் தெளிக்க, அறை எளிதிற் சுத்தமாகின்றது. பெருக்குவது நியாயப்பிரமாணம், நீர் சுவிசேஷம் என்பது பொருள். இதனை நம் பெண்மக்களுக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை. விடியற்காலத்தில் வாசல் தெளிக்காமற் பெருக்குவாள் எவளுமில்லை. சபதத்தினால் மாத்திரம் பாவத்தைப் பெருக்கப் புகுந்தவன், தன் கண்ணிலேயே தூசியை நிரப்பிக்கொள்கின்றான்.

அங்ஙனமாயின் ஆவியினால் நடத்தல் என்பது யாது? சிலர் அதனை ஓர் உணர்ச்சிப் பெருக்கென்று எண்ணுகின்றனர்; கூட்டத்திலே உள்ளம் பொங்கியெழும் அனுபவமே அது என்பர். அத்தகைய வேளைகளை நான் இகழவில்லை. ஆயின் பவுல் கலாத்தியருக்கு எழுதும்போது ஆளும் சொல் "நடத்தல்" என்பதே. ஐந்தாம் அதிகாரத்தின் முடிவில் அவர் வழங்கும் கிரேக்கச் சொல், வரிசை பிசகாது அடியொற்றி நடத்தலைக் குறிக்கும். ஓட்டமும் பறத்தலும் அங்கே பேசப்படவில்லை. அடிமேல் அடி வைத்தல் எவ்வளவு சாதாரணமான செயல்! மேலும் அங்கே மாம்சத்திற்குரியவற்றைக் கிரியைகள் என்றும், ஆவிக்குரியதைக் கனி என்றும் அவர் பிரித்துக் கூறுகின்றார். கிரியையை ஒரு நாளிற் செய்து முடிக்கலாம். கனியோ காலத்தினாற் பழுக்கும்.

இதனை எங்கள் ஊர் வயல்களே எனக்கு விளக்கின. கோரையை அறியாத உழவன் இல்லை. மேலே வெட்டினால், கீழேயுள்ள கிழங்கிலிருந்து அது மீண்டும் தளிர்க்கும். பத்து முறை வெட்டினாற் பத்து முறையும் தளிர்க்கும். ஆயின் அவ்வயலிலேயே சேற்றுழவு செய்து, நீர் நிறுத்தி, நாற்று நட்டால் கோரை ஒடுங்குகின்றது. நீரும் நெல்லின் நிழலும் அதற்கு இடங்கொடுப்பதில்லை. கிழங்கு மண்ணில் இருக்கலாம், வயலோ நெல்லினுடையது. நீர் வற்றிக் கரம்பானால் அது மீண்டும் தலைதூக்கும். ஆதலின் உழவனுடைய வேலை கோரையை எண்ணிக்கொண்டிருத்தல் அன்று, மடையைக் காத்தல். அந்நீரை அவன் உண்டாக்கினவனும் அல்லன். ஆனைமலையில் பெய்த மழை அமராவதியாய் இறங்கி, கணியூர், கடத்தூர், காரத்தொழுவு முதலிய பழைய ராஜவாய்க்கால்களின் வழியே வருகின்றது. வாய்க்காலைத் தூர்வாருவதும், முறை வரும்போது விழித்திருந்து மடை திறப்பதுமே அவன் பங்கு. கிருபை தேவனுடையது, மடை நம்முடையது. என்னுள்ளத்தில் கோரைக் கிழங்கு இல்லையென்று நான் சொல்லேன். இன்று வயலில் நீர் நிற்கின்றதா என்பதே எனக்குரிய கேள்வி.

இனி அண்ணனின் வரலாற்றிற்குத் திரும்புவோம். என் மனைவியின் சொல்லுக்குப்பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவர் வீட்டிற்குச் சென்றேன். புத்திசொல்லச் செல்லவில்லை, என் கோபத்தை அவரிடம் அறிக்கையிடவே சென்றேன். நெடுநேரம் மௌனமாயிருந்த அவர், தமது தொழிலிலிருந்தே ஓர் உவமை கூறினார். "எங்கள் மெஷினில் ஓர் ஊசி பழுதாகிவிட்டால், துணி நெடுக ஒரே இடத்தில் கோடு விழும், தம்பி. கோடு விழுந்த துணியை வெட்டி எறிந்தால் அடுத்த துணியிலும் கோடுதான். மெஷினை நிறுத்தி ஊசியைப் பார்க்க வேண்டும். நான் இத்தனை நாளும் துணியைத்தான் வெட்டிக்கொண்டிருந்தேன்."

பழுதான ஊசி எதுவென்று இருவரும் ஆராய்ந்தோம். குடியின் மேல் ஆசை மாத்திரம் அன்று. கையிற் கூலியோடு, கடன் நினைவோடு, பேசுவாரின்றிப் பேருந்துக்காகக் காத்திருக்கும் அந்த இரண்டு மணி நேரமே. எனது ஊசியையும் அவர் விடவில்லை. என்னை எவரும் மதிக்கவில்லை என்னும் நினைவே என் கோபத்தின் வேர் என்று அவர் சொல்லியே அறிந்தேன். பின்பு நாங்கள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டோம். கூலியின் பெரும்பகுதியை அவர் மனைவியின் வங்கிக் கணக்கிலே செலுத்துவது. சனிக்கிழமை மாலை வேலை முடிந்தவுடன் என்னோடு தொலைபேசியிற் பேசுவது. நான் மடத்துக்குளம் பேருந்து நிறுத்தத்தில் அவருக்காகக் காத்திருப்பது. வீட்டிற்கு நடக்கும் வழியில் அவர் என் வாரத்தையும் நான் அவர் வாரத்தையும் விசாரித்து, நின்று ஜெபிப்பது. பொருத்தனை ஒன்றும் செய்யவில்லை. தேதியும் எழுதவில்லை.

அவர் முதலில் வைத்தியர் ஒருவரையும் கண்டார். நெடுநாள் மிகுதியாய்க் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் நேரக்கூடும். சிலர்க்கு அது உயிருக்கே ஆபத்தாகும். வைத்தியரை நாடுதல் விசுவாசக்குறைவு என்று சொல்லுவோர் உளர். மருத்துவனாகிய லூக்காவைத் தோழனாகக் கொண்டிருந்த பவுல் அவ்விதம் சொல்லியிரார்.

இவ்வழி புதியதும் அன்று. ஒருவர்க்கொருவர் குற்றங்களை அறிக்கையிட்டு ஜெபிக்கும்படி யாக்கோபின் நிருபம் கட்டளையிடுகின்றது. வெஸ்லி 1738-ஆம் ஆண்டு டிசம்பரில் சிறு கூட்டங்களுக்கு வகுத்த விதிகளில், சென்ற கூட்டத்திற்குப்பின் செய்த பாவம் யாது என்று ஒவ்வொருவரையும் வினவும் முறை உண்டு. 1742-ல் பிரிஸ்டலில் தோன்றிய வகுப்புகளும் பன்னிருவர் அளவான சிறு குழுக்களே. 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், பில் வில்சன் என்னும் பங்கு வர்த்தகரும் பாப் ஸ்மித் என்னும் வைத்தியரும், இருவரும் குடிக்கு அடிமைப்பட்டவர்கள், ஒருவரையொருவர் சந்தித்துப் பேசியதிலிருந்து ஓர் இயக்கம் பிறந்தது. ஆக்ஸ்போர்டு குழு என்னும் கிறிஸ்தவக் கூட்டத்தாரிடம் அவர்கள் கற்ற அறிக்கையும் ஈடுசெய்தலும் அதற்கு அடிப்படையாயின. தன் பலத்தினாற் கூடாதென்று ஒப்புக்கொள்ளுதலும், ஆயுள்முழுமைக்கும் சபதம் செய்யாது இன்று ஒரு நாளைக் காத்தலும் அவர்களுடைய வழக்கம். அத்தகைய கூட்டங்கள் இன்று தமிழ்நாட்டிலும் கூடுகின்றன. சபையினின்று அவர்கள் கற்றதைச் சபையே மறந்துவிட்டது விசனத்திற்குரியது.

நம் சபைகளின்மேல் எனக்குள்ள குறை இதுவே. வருஷத்தின் கடைசி இரவில் ஆலயம் நிரம்பி வழிகின்றது, தீர்மானங்கள் செய்யப்படுகின்றன, கண்ணீர் சிந்தப்படுகின்றது. ஜனவரி மாதத்து முதற் சனிக்கிழமை மாலையிலோ, விழப்போகின்றவனோடு நடக்க ஒருவரும் இல்லை. சபதம் வாங்க ஆயிரம் பேர். கூட நடக்க ஒருவர் இல்லை. நம் விடுதிகளிலும் இப்படியே. ஒரு மாணவன் தன் இரகசியப் பாவத்தை அஞ்சாது சொல்லத்தக்க ஒரு நண்பனை, அதனைப் பரிகாசமாக்காத நண்பனை, நம் கல்லூரி அவனுக்கு அளிக்குமாயின், அது பல பிரசங்கங்களினும் மேலான உபகாரமாகும்.

இங்கே ஓர் எச்சரிப்பும் அவசியம். ஓயாது விழுகின்றவனைத் தாங்குதல் என்பது, அவனால் அடிபடுகின்றவர்களை வாய்மூடச் செய்தல் அன்று. குடியனின் மனைவியைப் பார்த்துப் பொறுத்துக்கொள் என்று மாத்திரம் சொல்லுதல் ஆவியின் நடையல்ல. அவளுக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்புத் தேடுவது சபையின் முதற் கடமை. மனஸ்தாபப்பட்டவன், தான் கெடுத்ததை ஈடுசெய்யவும் கடமைப்பட்டவன். சகேயு என்னும் ஆயக்காரன் இரட்சிப்பைப் பெற்ற நாளில் பணப்பையையும் திறந்தான். நானும் என் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கக் கற்றுக்கொண்டேன். முதன்முறை கேட்டபோது பெரியவன் என்னை அந்நியனைப் பார்ப்பதுபோற் பார்த்தான். இப்போது சில வேளைகளில் அவனே முந்திக்கொண்டு வந்து அருகில் அமருகின்றான்.

அவ்வாறாயின் ஜெயம் என்பதே இல்லையோ என்று சிலர் வினவலாம். உண்டு. பாவம் வீட்டிற்குள் நுழைவது வேறு. சிங்காசனத்தில் அமருவது வேறு. ஆட்சியை இழந்த சத்துரு தெருவில் நின்று கலகம் செய்வதுண்டு. அதனால் அவன் அரசனாகிவிடான். ஆயின் அவனுக்கு விருந்திட்டு ஆசனம் கொடுப்பவன் தன்னை ஆராய்ந்து பார்க்கக்கடவன். விழுகின்றவன் தன்னைக் கேட்கவேண்டிய கேள்வி, "நான் எத்தனை முறை விழுந்தேன்?" என்பதன்று, "விழுந்தவுடன் எத்திசை நோக்கி எழுகின்றேன்?" என்பதே. மாம்சம் தன் பாவத்தைக் குறித்து அழாது. அகப்பட்டுக்கொண்டதைக் குறித்தே அழும். பாவத்தையே வெறுத்து, இருளை விட்டு ஒளிக்கு வரும் ஏக்கம் ஒருவனிடம் இருக்குமாயின், அதுவே ஆவியானவர் அவனை விட்டகலவில்லை என்பதற்கு அடையாளம். கடைசி வரிசையில் அழுத அந்த மனிதரிடத்தில் அவ்வடையாளத்தைக் காண எனக்கு அன்று கண் இல்லை.

மூன்று ஆண்டுகள் கழிந்தன. அண்ணன் பூரண விடுதலை பெற்றார் என்று எழுத என் பேனா விரும்புகின்றது. ஆனால் உண்மை அதனினும் எளியது. முதலாண்டில் பல சனிக்கிழமைகள் தோல்வியாயின. இரண்டாம் ஆண்டில் அவை சிலவாயின. சென்ற ஆண்டில் ஒரேயொரு முறை விழுந்தார். அன்றிரவு அவர் ஒளிந்துகொள்ளவில்லை. பதினொரு மணிக்கு என் தொலைபேசி ஒலித்தது. "தம்பி, விழுந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் இருக்கிறேன். வருகிறீர்களா?" என்றார். நான் சென்றேன். பதினொரு பொருத்தனைகளினும் அந்த ஒரு தொலைபேசி அழைப்பு மேலானதென்று நான் கருதுகின்றேன். அதற்கு முந்தின மாதம், என் வாய் மீண்டும் கட்டவிழ்ந்த ஒரு மாலையில், நான் அவரை அழைத்திருந்தேன். அவரும் வந்திருந்தார்.

நண்பர்களே, உங்களுள் எவரேனும் தம் வேதபுஸ்தகத்தின் வெற்றுத் தாளில் தேதிகளை எழுதி வைத்திருப்பின், அவற்றைக் கிழித்தெறிய வேண்டா. அவை நீங்கள் ஒளியை நாடியதற்குச் சாட்சிகள். ஆயின் அவற்றோடு இன்னுமொரு தேதியைச் சேர்க்க வேண்டா. அதற்குப் பதிலாக, நம்பத்தக்க ஒருவரிடம் இன்றே சென்று மெய்யைச் சொல்லுங்கள். நாளைக் காலையில் மடையைத் திறவுங்கள். நாளை மறுநாளும் திறவுங்கள். நீர் தருகிறவர் உண்மையுள்ளவர்.